நிழல் எழுதிக் கொடுக்கும் வைத்தியம்

தோல் கிளினிக்கில் ஒருவர் வந்து கதிரையில் இருந்ததும் நான் முதலில் பார்ப்பது அவர் காட்ட வந்த இடத்தை அல்ல. சட்டைக் கையை மேலே ஒதுக்கச் சொல்லி, மேற்கையின் உட்புறத்தைப் பார்ப்பேன். வெயில் படாத தோல் அது. பிறகு முகம், கழுத்து, புறங்கை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒருவர் எத்தனை வருடம் வயலில் நின்றிருக்கிறார் என்பது அவர் சொல்லாமலே தெரிந்துவிடும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேலை செய்யும் எந்தத் தோல் வைத்தியருக்கும் இந்தப் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி ஒரு விபரம் சொல்ல வேண்டும். கிளிநொச்சி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஒன்பதரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு மாவிலை கட்டுகிற அதே நாட்களில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை வரும். இடையிலும் அது அதிகம் விலகிப் போவதில்லை. புற ஊதாக் கதிரின் அளவைச் சொல்லும் சுட்டெண் 11ஐ எட்டினால் 'மிக உச்சம்' என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே வருடத்தின் பெரும்பகுதி மத்தியானங்களில் அது சாதாரணம். மெல்லிய முகில் மூடியிருந்தாலும் கதிரில் பெரும்பங்கு கீழே வந்துவிடும் என்பதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். சூடு இல்லாவிட்டால் வெயில் இல்லை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். புற ஊதாக் கதிருக்குச் சூடும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

கிளினிக்கில் வருகிறவை பெரும்பாலும் வேறு வருத்தங்கள். படர்தாமரை, சொறி, வயலுக்கு மருந்தடித்துக் கை வெடித்தவர்கள், மணல் ஈ கடித்துப் புண்ணான லீஷ்மேனியா, இன்னமும் முற்றாக ஒழியாத தொழுநோய். வெயில் வருத்தம் என்று எவரும் வருவதில்லை. "எங்கட தோலுக்கு வெயில் ஒண்டும் செய்யாது" என்பது ஊர் நம்பிக்கை. அதில் பாதி உண்மை. கருந்தோலில் உள்ள மெலனின் ஒவ்வொரு கலத்தின் கருவுக்கு மேலும் குவிந்து நின்று கதிரை உறிஞ்சுகிறது. அதனால்தான் வெள்ளைக்காரருக்கு வரும் அளவுக்கு எங்களுக்குத் தோற்புற்று வருவதில்லை. ஆனால் மெலனின் விட்டுவிடும் மிச்சத்தைச் சமாளிக்கக் கலத்துக்குள் வேறு சில ஏற்பாடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று பிறப்பிலேயே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எனக்குக் காட்டியவர் வயல் கூலிக்குப் போகும் ஒரு பெண். வயது இருபதுகளின் கடைசி.

அவரை அனுப்பியவர்கள் தொழுநோய்ச் சந்தேகம் என்று எழுதியிருந்தார்கள். ஊரிலும் அப்படித்தான் கதை. கிணற்றடியில் அவருக்குத் தனி வாளி வைத்திருந்தார்கள். முகம் முழுக்கச் சிறு சிறு கரும்புள்ளிகள். இடையிடையே நிறம் வெளுத்த பொட்டுகள். புறங்கையிலும் கழுத்தின் முன்புறத்திலும் அதேதான். சட்டைக் கழுத்து முடியும் இடத்தில் கோடு கீறியது போலப் புள்ளிகள் நின்றுவிட்டன. அதற்குக் கீழே மாசற்ற தோல். பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தேன், எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது. நரம்பு தடிக்கவில்லை. தொழுநோய் இல்லை என்று அங்கேயே சொன்னேன். அதைத் தாயாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

மூக்கின் பக்கவாட்டில் ஒரு மச்சம் போல இருந்தது. மிளகளவு. "அது எப்ப வந்தது?" என்று கேட்டேன்.

"மச்சம்தானே டொக்டர். போன வருசம் சின்னனா இருந்தது. இடைக்கிட உரஞ்சுப்பட்டா ரத்தம் வரும்."

பிறவி மச்சம் இலகுவில் இரத்தம் கசியாது. டெர்மடோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். சிறிய விளக்கும் வில்லையும் சேர்ந்த கருவி அது, தோலின் மேற்பரப்புக்குக் கீழே உள்ள நிறங்களைக் காட்டும். நடுவில் நீலச் சாம்பல் நிறத்தில் முட்டை வடிவத் திட்டுகள், விளிம்பில் இலை விரித்தது போன்ற கபில நிறப் பகுதிகள், நடுவே ஓடிய மெல்லிய இரத்தக் குழாய்கள். அடித்தளக் கலப் புற்று. வெள்ளைத் தோலில் முத்துப் போல மினுங்கும் இது, எங்கள் தோலில் கறுப்பாக மச்சவேடத்தில் வரும். சத்திரசிகிச்சையில் சுற்றிச் சில மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்து அனுப்பினோம். அறிக்கையும் அதையே சொன்னது. எழுபது வயதுக் கமக்காரருக்கு வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். முப்பது வயது ஆகாத, கறுத்த தோலுடைய ஒருவருக்கு அது வரக் கூடாது.

பிறகுதான் குடும்பம் பற்றிக் கேட்டேன். தாயும் தகப்பனும் சொந்த மச்சான் மச்சாள். எங்கள் சனத்தில் அது குறையாகச் சொல்லும் விடயம் அல்ல, முறையான கலியாணம். தாய்க்கு அந்தக் கேள்வியே சங்கடமாக இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: பரம்பரையலகு ஒவ்வொன்றும் எல்லோருக்கும் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்க்கும். ஒரே மூதாதையிடமிருந்து வந்த அதே பழுது தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் வருத்தம். தாய் தகப்பன் இருவரும் அந்தப் பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுக்கு ஒரு பங்கு சந்தர்ப்பம். இதில் ஒருவர் மேலும் குற்றம் இல்லை.

நோயின் பெயர் சீரோடேர்மா பிக்மென்றோசம். சுருக்கமாக எக்ஸ்.பி. 1874இல் வியன்னாவில் ஹெப்ராவும் கப்போசியும் முதலில் எழுதி வைத்தார்கள். ஜப்பானில் ஏறத்தாழ 22,000 பேருக்கு ஒருவர், ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு இரண்டு மூன்று பேர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் 1971 முதல் 2009 வரை 106 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணக்கில், இருபது வயதுக்குட்பட்டவர்களில் சாதாரணத் தோற்புற்று பொதுமக்களைவிட 10,000 மடங்கு கூடுதல், மெலனோமா 2,000 மடங்கு கூடுதல். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். சிலருக்கு நரம்பும் பாதிக்கப்படும், காது கேளாமல் போகும்.

இந்தப் பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. வெயிலில் நின்றால் தோல் உடனே எரிவதில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் சில புள்ளிகள்தான் இருந்தனவாம். மெல்ல மெல்லத்தான் வந்தது. எக்ஸ்.பி. நோயாளரில் ஐந்தில் ஒரு பங்கினருக்கோ சற்றுக் கூடவோ இந்தப் பிந்தி வெளிப்படும் வகை இருக்கிறது. இரத்த மாதிரி கொழும்பு வழியாகப் போய், பல மாதங்களுக்குப் பின் அறிக்கை வந்தது. 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகின் இரண்டு பிரதியும் பழுது. அது செய்ய வேண்டிய நொதியத்தின் பெயர் டி.என்.ஏ. பொலிமரேசு ஈற்றா.

இந்த நொதியத்தைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு முரண்பாட்டில் இருந்து பிறந்தது. 1968இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர், எக்ஸ்.பி. நோயாளரின் கலங்களுக்கு வெயிலால் பழுதான டி.என்.ஏ.யை வெட்டித் திருத்தும் திறன் இல்லை என்று காட்டினார். விடை கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் சில நோயாளர் வந்தார்கள். அதே புள்ளிகள், அதே புற்றுகள். ஆனால் திருத்தும் வேலை அவர்களில் ஒழுங்காக நடந்தது. 1975இல் இங்கிலாந்தில் அலன் லீமனும் கூட்டாளிகளும் இவர்களின் கலங்களை வளர்த்துப் பார்த்து, குறை திருத்துவதில் இல்லை, கதிர் பட்ட டி.என்.ஏ.யைப் பிரதியெடுப்பதில் இருக்கிறது என்று கண்டார்கள். பிரதியெடுக்கும் அந்தக் கருவி எது என்பது தெரிய இன்னும் இருபத்துநாலு வருடம் எடுத்தது. 1999இல் ரெக்சாசில் லூயிஸ் பிரகாஷும் சத்யா பிரகாஷும் மதுவத்தில் இத்தகைய நொதியத்தைக் காட்டினார்கள். அதே வருடம் ஜப்பானில் மசுத்தானி, ஹனவோகா குழுவும் பிரகாஷ் இணையரின் குழுவும் மனிதரில் அதைக் கண்டு, அந்த நோயாளரில் இல்லாமல் போனது இதுதான் என்று நிறுவினார்கள். அந்த 1999இல் போரால் ஏ9 வீதி மூடிக் கிடந்தது. எங்கள் வன்னிக்குள் மின்சாரம் இல்லை. நான் குப்பி விளக்கில் உயர்தர உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். டி.என்.ஏ. பொலிமரேசு ஒருபோதும் பிழை விடாது என்பது போலத்தான் எங்கள் நோட்ஸில் இருந்தது.

உண்மையில் நடப்பது இது. டி.என்.ஏ. நாலு எழுத்துகளால் ஆன நீண்ட இழை. அதில் தைமின் என்ற எழுத்து இரண்டு அடுத்தடுத்து வரும் இடங்கள் ஏராளம். புற ஊதாக் கதிர் படும்போது அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வெயிலில் நிற்கும் ஒரு தோல் கலத்தில் ஒரு நாளில் இத்தகைய பழுதுகள் ஒரு இலட்சம் வரை வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். திருத்தும் நொதியங்கள் இடைவிடாமல் வெட்டியெடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் கலம் இரண்டாகப் பிரியும் நேரம் வந்துவிட்டால் அறுநூறு கோடி எழுத்துகளையும் பிரதியெடுத்தாக வேண்டும், எல்லாப் பழுதும் திருந்தும் வரை காத்திருக்க முடியாது. வழமையாகப் பிரதியெடுக்கும் டெல்ற்றா, எப்சிலன் என்ற பொலிமரேசுகள் மிகவும் கறாரானவை. அவற்றின் வேலைத்தலத்தில் ஒரு நேரத்தில் ஒரு எழுத்துக்குத்தான் இடம். தவறான எழுத்து வைத்தால் தாங்களே திரும்பிப் பார்த்து வெட்டி எடுத்துவிடும். ஒரு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்குக் கவனம். அவ்வளவு கறாராக இருப்பதாலேயே, ஒட்டிக்கொண்ட தைமின் சோடி வந்ததும் அவற்றால் அசைய முடியாது. நின்றுவிடும். அதிக நேரம் நின்றால் இழையே அறுந்துபோகும், கலம் சாகும் அல்லது குழம்பும்.

நின்ற இடத்தில், பொலிமரேசை இழையோடு பிடித்துவைத்திருக்கும் வளையப் புரதத்தில் யுபிகுயிற்றின் என்ற சிறு புரதம் ஒன்று ஒட்டப்படும். அந்த அடையாளத்தைக் கண்டு ஈற்றா வந்து பிடிக்கும். அதன் வேலைத்தலம் அகலமானது, ஒட்டிய இரண்டு தைமினையும் ஒன்றாக உள்ளே எடுக்கும். 2010இல் அதைப் படிகமாக்கி முப்பரிமாண அமைப்பைப் பார்த்தவர்கள் இதைக் கண்ணாலேயே கண்டார்கள். எதிரே இரண்டு அடினினை வைக்கும். தைமினுக்கு எதிரே வரவேண்டியது அடினின்தான், ஆகவே சரியான விடை. இன்னும் சில எழுத்து போய்விட்டு இறங்கிவிடும். பழைய பொலிமரேசு மீண்டும் ஏறும்.

ஈற்றா அந்தப் பழுதைத் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். போர்க்காலத்தில் வன்னிக்குள் பஸ்ஸில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். மதகு உடைந்த இடத்தில் மதகைக் கட்டிவிட்டுப் போக எவருக்கும் நேரம் இல்லை. பக்கத்து வயலுக்குள் இறக்கி, மண் போட்ட பாதையால் வளைந்து, அப்பால் வீதியில் ஏறுவார்கள். மதகு உடைந்தபடியே கிடக்கும், பஸ் போய்ச் சேர்ந்துவிடும். கட்டுகிறவர்கள் பிறகு வருவார்கள்.

பழுதில்லாத டி.என்.ஏ.யில் இதே ஈற்றாவை விட்டால் படுமோசமாக எழுதும். சில பத்து எழுத்துக்கு, மிஞ்சினால் சில நூறு எழுத்துக்கு ஒரு பிழை. திரும்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை. அதனால்தான் கலம் அதைத் தேவையான இடத்துக்கு மட்டும் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகிறது. அந்தப் பிழையைக்கூட உடம்பு ஓரிடத்தில் பயன்படுத்துகிறது. கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளைக் கூர்மையாக்க, அவற்றின் பரம்பரையலகில் வேண்டுமென்றே மாற்றங்கள் செய்யும்போது ஈற்றாவும் அங்கே வேலை செய்கிறது. கறாரான நொதியங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த உயிரும் வெயிலில் வாழ்ந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஈற்றா இல்லாத அந்தப் பெண்ணில் என்ன நடக்கிறது? கலம் எப்படியாவது கடக்கத்தான் பார்க்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு நொதியங்கள் அந்த இடத்துக்கு வரும். அவற்றுக்குத் தைமின் சோடியைப் படிக்கத் தெரியாது, ஊகித்து ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போகும். வெயிலில் கழிந்த ஒவ்வொரு நாளும் அப்படிச் சில தவறான எழுத்துகள் நிரந்தரமாகிவிடும். இது வருடக்கணக்கில் சேர வேண்டிய கணக்கு. அதனால்தான் வருத்தம் பிந்தி வருகிறது. அதனால்தான் இருபத்தெட்டு வயதில் வெயிலைத் தடுத்தாலும் பயன் இருக்கிறது.

இதே நொதியம் எதிர்ப்பக்கத்தில் நிற்பதையும் நாங்கள் காண்கிறோம். வெற்றிலை, புகையிலை போட்டு வாய்ப்புற்று வந்தவர்களை இங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புகிறோம். அங்கே பலருக்குக் கதிர் சிகிச்சையோடு சிஸ்பிளாற்றின் ஏற்றுவார்கள். அந்த மருந்து செய்வது, டி.என்.ஏ.யில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானினை ஒன்றாகப் பிணைத்து, புற்றுக் கலத்தின் பிரதியெடுப்பை நிறுத்துவது. ஈற்றாவின் அகலமான வேலைத்தலம் அந்தப் பிணைப்பையும் உள்ளே எடுத்துக் கடந்துவிடக்கூடியது. வைத்தியர் வேண்டுமென்று உடைத்த மதகையும் அது சுற்றிப் போய்விடுகிறது. சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் அதை அடக்கி வைக்கும் மருந்து ஒன்றைத் தேடி ஆராய்ச்சி நடக்கிறது. கிளினிக்கில் ஒரே காலையில், ஈற்றா இல்லாததால் வருந்தும் ஒருவரையும், அது இருப்பதால் மருந்துக்கு மடங்காத கட்டியோடு இன்னொருவரையும் பார்க்க நேர்ந்தால், நல்ல நொதியம் கெட்ட நொதியம் என்ற பேச்சே வாயில் வராது.

ஈற்றாவுக்குப் பதில் கொடுக்க மாத்திரை இல்லை, ஊசி இல்லை. இருக்கும் ஒரே வைத்தியம் நிழல். துண்டில் 'வெயிலைத் தவிர்க்கவும்' என்று எழுதுவது சுகம். அந்தப் பெண் அதை வாசித்துவிட்டுச் சொன்னது:

"வெய்யிலுக்க போகாட்டி அடுப்பு எரியாது டொக்டர். எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுதும் எந்தத் துண்டும் வீண். வன்னியில் நிழல் தானாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு மா, பலா, வேம்பு. போர் முடிந்த 2009இற்குப் பிறகு செட்டிகுளம் முகாம்களிலிருந்து சனம் திரும்பி வந்தபோது பல காணிகளில் ஒரு மரமும் இல்லை. பனைகள் தலையிழந்து நின்றன. தகரம் போட்ட கொட்டிலுக்கு வெளியே இருக்கவும் முடியாது, உள்ளே வேகவும் முடியாது. நட்ட மரங்கள் இப்போதுதான் வளர்ந்து நிழல் தருகின்றன. நான் நிழல் என்று சொல்லும்போது இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே அவரோடு இருந்து ஒவ்வொன்றாக யோசித்தோம். எங்கள் வயல் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல வழக்கம் உண்டு. புருசனின் பழைய முழுக்கைச் சேட்டைச் சட்டைக்கு மேலே போட்டு, துவாயால் தலையையும் காதையும் சுற்றிக் கட்டி, அதற்கு மேலே தொப்பி வைப்பார்கள். இதைவிட நல்ல உடையை எந்த நாட்டுப் புத்தகத்திலும் நான் காணவில்லை. திருத்தினது இரண்டுதான்: வெளுத்து மெலிந்த வெள்ளைச் சேட்டு வேண்டாம், நெருக்கமாக நெய்த கடும் நிறத் துணி வேண்டும். நனைந்த துணி கதிரைக் கூடுதலாக உள்ளே விடும், மாற்றுச் சேட்டு ஒன்று கையில் இருக்கட்டும். முகம்தான் பிரச்சினை. சன்ஸ்கிரீன் களிம்பு வேர்வையில் ஓடிவிடும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், கூலிக்காசில் அது கட்டாது.

முகத்துக்கு வழி காட்டியது கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கும் பெண்கள். கை அரிப்புக்காகக் கிளினிக்குக்கு வந்த ஒருவரின் முகம், வருடக்கணக்காக முகமாலை வெட்டையில் மண்டியிட்டு வேலை செய்தும், கையைவிட நிறமாக, மாசில்லாமல் இருந்தது. அவர்கள் போடும் தடித்த முகக்கவசம் பொலிகாபனேற்று. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், ஆனால் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாக மறிக்கும். வெளிநாடுகளில் எக்ஸ்.பி. பிள்ளைகளுக்கு இந்தக் கொள்கையில்தான் முகமறைப்புச் செய்து கொடுக்கிறார்கள். வெல்டிங் வேலைத்தலங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் அதே பொலிகாபனேற்றில் மெல்லிய, பாரம் குறைந்த முகக்கவசம் கிடைத்தது. தொப்பியோடு பொருத்தினோம். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

வேலை நேரம் அடுத்தது. காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணி வரைதான் கதிரின் பெரும்பகுதி இறங்குகிறது. விடியற்காலையில் களை பிடுங்கி ஒன்பதரைக்குக் கரையேறி, மிச்ச நேரத்தை நெல்லுக் களஞ்சியத்தில் சாக்குத் தைக்கவும் கச்சான் உடைக்கவும் கொடுக்க ஒரு கமக்காரர் ஒத்துக்கொண்டார். அவரிடம் நான் பேசவில்லை. அந்தப் பெண்ணின் தாய் பேசினார், தொழுநோய் இல்லை என்று நான் உரக்கச் சொன்ன அதே தாய்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். கண் இமை, விழி ஓரம், உதடு, நாக்கின் நுனி எல்லாம் பார்க்கிறோம். கருந்தோலில் எக்ஸ்.பி. நாக்கின் நுனியிலும் புற்றாக வருவதுண்டு, நாக்கை நீட்டச் சொல்லாத பரிசோதனை முழுமையானது அல்ல. வெயில் குறைந்ததால் விற்றமின் டி மாத்திரை கொடுக்கிறோம். பிறகு இன்னும் இரண்டு இடத்தில் சிறு கட்டிகள் எடுத்தோம், இரண்டும் கடுகளவிலேயே பிடிபட்டன. அவருக்கு ஒரு மகள். பிள்ளையிடம் பழுதான பிரதி ஒன்று நிச்சயம் இருக்கும், தகப்பனிடமிருந்து வந்த மற்றது நல்லதாக இருந்தால் அவளுக்கு வருத்தம் வராது. கலியாணம் பேசும் காலத்தில் சொந்தத்துக்குள் பார்ப்பதானால் முதலில் வந்து என்னோடு கதைக்கச் சொல்லியிருக்கிறேன், நான் இல்லாவிட்டால் அந்தக் கதிரையில் இருப்பவரோடு. அது கிளினிக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்கிறது.

அவருடைய தம்பியைக் கூட்டிவரச் சொல்லிப் பலமுறை கேட்டேன். முல்லைத்தீவுப் பக்கம் கரைவலை இழுக்கிறவர். வெண்மணலும் நுரையும் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும் இடம், தொப்பி மட்டும் அங்கே போதாது. ஒருநாள் வந்தார். சேட்டுக் கையை ஒதுக்கினேன். உட்புறம் தெளிவு. புறங்கையில் அக்காவுக்கு ஆரம்பத்தில் இருந்த அதே புள்ளிகள், கட்டி எதுவும் இன்னும் இல்லை. இருபத்திரண்டு வயது. முகக்கவசத்துக்கு அளவெடுத்து, இரத்தம் எடுத்து, அடுத்த திகதி போட்டு அனுப்பினோம்.